இஞ்சி, சுக்கு, மஞ்சள்: வீட்டுப் பானங்களை அறிந்து பருகுவோம்

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பது எல்லாரும் அறிந்த பழமொழி. திருப்புல்லாணி வட்டார இல்லங்களில் அது நடைமுறையாகவே இருந்துவருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சளி பிடித்தால் கருப்பட்டி இட்ட சுக்குமல்லிக் காபி. இரவில் இருமல் வந்தால் மிளகு தட்டிப் போட்ட மஞ்சள் பால். பங்குனி, சித்திரை வெயிலில் பானகமும் நீர்மோரும். சேதுக்கரையில் நீராடி, ஆதி ஜெகந்நாதப் பெருமாளை வணங்க வரும் வெளியூரார் பலருக்கும் இப்பானங்கள் புதியவை அல்ல. இராமநவமியன்று பானகம் படைப்பது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம்.

மருத்துவமனையிலும் இப்பானங்களை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். உள்நோயாளியைப் பார்க்க வருவோரின் பையில் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும். அதில் சுக்குக் கஷாயமோ மஞ்சள் பாலோ இருக்கும். சிலர், "இதைக் கொடுக்கலாமா?" என்று செவிலியரிடம் கேட்கிறார்கள். வேறு சிலர், கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ எனத் தயங்கிக் கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள். இக்கட்டுரை இரு சாராருக்கும் உரியது. பெரும்பாலோர்க்கு இப்பானங்கள் நல்லவையே. ஆயினும் சில நோயாளிகளுக்கு, சில மருந்துகளோடு சேரும்போது, இவை தீங்கு விளைவிக்கக்கூடும். எது எவருக்கு ஆகும் என்பதைத் தெளிவாக்குவதே எங்கள் நோக்கம்.

இவற்றில் என்ன இருக்கிறது?

பச்சை இஞ்சியின் காரத்திற்குக் காரணம் ஜிஞ்சரால் என்னும் பொருள். இஞ்சியை உலர்த்திச் சுக்காக்கும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்னும் வேறு பொருளாக மாறுகிறது. இது ஜிஞ்சராலைவிடக் காரம் மிக்கது. ஆகவே, இஞ்சி இடும் அளவிலேயே சுக்கையும் இடக் கூடாது. குறைவாகவே இட வேண்டும்.

இஞ்சியின் பயன்களில் நன்கு ஆராயப்பட்டது குமட்டலைத் தணிக்கும் தன்மையாகும். கருவுற்ற தொடக்க மாதங்களில் தோன்றும் மசக்கைக் குமட்டலுக்கு இது ஓரளவு உதவுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வாய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு 1 கிராம் அளவு உலர் இஞ்சியே கொடுக்கப்பட்டது. ஆனால் சளிக் கிருமியை இஞ்சி அழித்துவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

அப்படியானால் சளிக்குச் சுக்குக் காபி குடித்ததும் இதமாக இருப்பது எவ்வாறு? அதன் சூட்டிற்கும் அதில் பங்கு உண்டு. பிரிட்டனில் உள்ள கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் 2008ஆம் ஆண்டில், சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழச்சாற்றுப் பானத்தைச் சூடாகவும் சாதாரண வெப்பநிலையிலும் கொடுத்துப் பார்த்தனர். சூடாகப் பருகியவர்களே தொண்டை வலி, குளிர், சோர்வு ஆகியவற்றிலும் தணிவு பெற்றதாகக் கூறினர்.  நம் பாட்டிமார் சூடாகக் குடிக்கச் சொன்னதில் பொருள் உண்டு என்பதை இது காட்டுகிறது.

மஞ்சளின் நிறத்திற்குக் காரணம் குர்குமின். நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் மஞ்சள் தூளில் இது ஏறத்தாழ 100க்கு 3 பங்கே உள்ளது. குடல் அதை எளிதில் உறிஞ்சுவதும் இல்லை. பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2 கிராம் குர்குமினோடு, மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த குர்குமினின் அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் வழக்கத்தை இந்த ஆய்வோடு பலர் இணைத்துப் பேசுவர். ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். 2 கிராம் குர்குமின் பெறுவதற்கு 60 கிராமுக்கும் மேற்பட்ட மஞ்சள் தூள் வேண்டும். ஒரு டம்ளர் மஞ்சள் பாலில் நாம் இடுவது கால் தேக்கரண்டி. அதில் இருக்கும் குர்குமின் ஏறத்தாழ 20 மில்லிகிராம் மட்டுமே.

வீட்டில் பருகும் மஞ்சள் பால் உணவு. கடையிலும் இணையத்திலும் விற்கும் குர்குமின் மாத்திரை, ஒன்றிலேயே 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொண்டது. பெயர் ஒன்றாயினும் இவை இரண்டும் வெவ்வேறு. முன்னதற்குரிய நற்பெயரைக் கொண்டு பின்னதை அச்சமின்றி விழுங்குவது தவறு.

நான்கு பானங்கள், நான்கு அளவுகள்

எங்கள் வட்டாரத்தில் இஞ்சியும் மஞ்சளும் பெரிதும் விளைவதில்லை. மஞ்சளுக்குப் பெயர்பெற்றது ஈரோடு. இஞ்சி மலைச்சரிவுகளிலிருந்து சந்தைக்கு வருகிறது. நம் மண்ணுக்கு உரியது பனை. ஆகவே நம் பானங்களின் இனிப்பு பெரும்பாலும் கருப்பட்டியாகவோ பனங்கற்கண்டாகவோ இருக்கும். கீழே தந்துள்ள அளவுகள் நலமாக உள்ள பெரியவர்களுக்கு உரியவை. தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு கரண்டியையும், டம்ளர் என்பது 200 மில்லிலிட்டரையும் குறிக்கும்.

சுக்குமல்லிக் காபி (இருவருக்கு): சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டு இடித்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லி விதையை மணம் வரும் அளவு வறுத்துப் பொடியுங்கள். இரண்டு டம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள், ஒரு தேக்கரண்டி மல்லித் தூள், நான்கு மிளகு, ஒரு ஏலக்காய் ஆகியவற்றைத் தட்டிப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கருப்பட்டியைத் தனியே சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேருங்கள். நெல்லிக்காய் அளவு போதும். நாளுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை பருகலாம்.

மஞ்சள் பால் (ஒருவருக்கு): ஒரு டம்ளர் பாலில் கால் தேக்கரண்டி மஞ்சள் தூளும் தட்டிய மிளகு இரண்டும் இட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம் காய்ச்சுங்கள். இனிப்பு வேண்டுவோர் சிறிது பனங்கற்கண்டு சேர்க்கலாம். இரவில் ஒரு டம்ளர் போதும்.

பானகம் (ஐவருக்கு): காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் வெல்லம் அல்லது கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டுங்கள். அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள், இரண்டு ஏலக்காயின் பொடி, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்குங்கள். அன்றே பருகிவிட வேண்டும். மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

இஞ்சி நீர்மோர் (நால்வருக்கு): ஒரு டம்ளர் தயிருக்கு மூன்று டம்ளர் நீர் சேர்த்துக் கடையுங்கள். சுண்டுவிரல் நுனியளவு இஞ்சியை நசுக்கிச் சாறு பிழிந்து, சிறிது நேரம் வைத்திருந்து தெளிவை மட்டும் எடுங்கள். அடியில் படியும் வெண்மை பெரும்பாலும் மாவுச்சத்தே. கறிவேப்பிலையும் கொத்தமல்லித் தழையும் கிள்ளிப் போட்டு, உப்பை அளவாகச் சேருங்கள். கடலோரச் சிற்றூர்கள் பலவற்றில் கிணற்று நீரே உவர்ப்பாக இருக்கிறது. அத்தகைய நீரில் கரைக்கும் மோருக்கு மேலும் உப்பு இடத் தேவையில்லை.

மஞ்சளை வாங்கும்போது

சமையலுக்குரியது விரலி மஞ்சள். பூசுவதற்கு வாங்கும் கஸ்தூரி மஞ்சளையும், பூசைக்கு என்று விற்கும் மஞ்சள் தூளையும் பாலில் கலக்கக் கூடாது.

கலப்படமும் கவலைக்குரியது. வங்கதேசத்தில் மஞ்சளின் நிறத்தைக் கூட்டுவதற்காக ஈயக் குரோமேட் என்னும் நச்சுச் சாயம் பூசப்பட்டதை ஆய்வாளர்கள் 2019இல் வெளிப்படுத்தினர். அந்நாட்டு அரசு சந்தைகளில் சோதனை நடத்தித் தண்டம் விதித்தபின் அவ்வழக்கம் பெரிதும் ஒழிந்தது. 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய நகரங்களில் வாங்கிய மஞ்சள் மாதிரிகள் சிலவற்றில் மிக அதிக ஈயம் இருந்ததைக் காட்டியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவிலுள்ள சிசுவையும் தாக்கும்.

இயற்கைக்கு மாறாகப் பளபளக்கும் மஞ்சளைத் தவிருங்கள். உதிரியாக விற்கும் தூளைவிட உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட பொட்டலமோ, நம்பிக்கையான கடையில் வாங்கி மில்லில் அரைத்த விரலி மஞ்சளோ மேலானது. ஒரு டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி தூளை இட்டு அசைக்காமல் வையுங்கள். நல்ல மஞ்சள் படியும்போது நீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். நீர் அடர்ந்த நிறம் கொண்டால் செயற்கைச் சாயம் கலந்திருக்கலாம். ஈயத்தை மட்டும் இச்சோதனையால் கண்டறிய முடியாது.

முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்போர்: இதய வால்வு மாற்றிக்கொண்டவர்களும், காலில் இரத்தக் கட்டி ஏற்பட்டவர்களும் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரை உண்பர். இம்மருந்தின் அளவு மிக நுட்பமானது. ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனை பெரும்பாலோர்க்கு 2க்கும் 3க்கும் இடையிலும், செயற்கை வால்வு உள்ள சிலர்க்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்குமாறு அதை அமைக்கிறோம். நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பான மெட்சேஃப் 2018இல் ஒரு நிகழ்வை வெளியிட்டது. வார்ஃபரின் உண்டுவந்த ஒருவர் மஞ்சள் அடங்கிய பொருள் ஒன்றையும் உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர். 10க்கு மேல் ஏறியது. அந்நிலையில் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே ஊறு நேரக்கூடும். இத்தகையோர் மஞ்சள், இஞ்சி மாத்திரைகளை அறவே தவிர்க்க வேண்டும். குழம்பில் இடும் மஞ்சளால் கவலை இல்லை. நாள்தோறும் மஞ்சள் பாலோ இஞ்சிச் சாறோ புதிதாகத் தொடங்க விரும்பினால் எங்களிடம் கேட்டுத் தொடங்குங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் உண்போர்க்கும் இது பொருந்தும்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள்: மஞ்சள், இஞ்சி, பூண்டு மாத்திரைகளைப் பொதுவாக இரண்டு வாரத்திற்கு முன்பே நிறுத்துமாறு கூறுவோம். வீட்டுக் கஷாயத்தையும் மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்லீரல் நோயாளிகள்: மருந்துகளால் நேரும் கல்லீரல் பாதிப்பை ஆராயும் அமெரிக்கக் கூட்டமைப்பு ஒன்று, மஞ்சளோடு தொடர்புடைய 10 பாதிப்புகளை 2022இல் விவரித்தது. அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023இல் மஞ்சள் மாத்திரைகளைப் பற்றி எச்சரித்தது. பெரும்பாலும் இவை செறிவூட்டப்பட்ட மாத்திரைகளைப் பற்றியவை. சமையல் அளவைப் பற்றியவை அல்ல. ஆயினும் மஞ்சள் காமாலை உள்ளவர்கள் தாமாக எக்கஷாயமும் பருக வேண்டாம்.

பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் உள்ளவர்கள்: மஞ்சள் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும், கல் இருந்தால் வலி தோன்றலாம். மஞ்சளில் ஆக்சலேட்டும் உண்டு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. வெயிலில் உழைத்து, நீர் குறைவாகப் பருகும் நம் பகுதி மக்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்வோர்: உங்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நீர் என்று அளவு குறித்திருப்போம். கஷாயம், பால், மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். "நீர்தானே குடிக்கக் கூடாது, கஷாயம் மருந்துதானே" என்று எண்ணி மூச்சுத் திணறலோடு வருபவர்கள் உண்டு.

நீரிழிவு நோயாளிகள்: கருப்பட்டி சர்க்கரையைக் கூட்டாது என்ற நம்பிக்கை இங்கே வேரூன்றியிருக்கிறது. அது உண்மையன்று. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதுவே. தேனும் விலக்கன்று. மேலே சொன்ன பானகத்தில் டம்ளருக்கு 20 கிராம் இனிப்பு இருக்கிறது. சுக்குமல்லிக் காபியை இனிப்பின்றிப் பருகப் பழகுங்கள். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் கண்டால், அப்போது ஒரு டம்ளர் பானகம் தருவது தவறன்று.

நெஞ்செரிச்சல், குடற்புண் உள்ளவர்கள்: வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு பருகுவது நல்லது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உங்களுக்கு அது எரிச்சலைக் கூட்டலாம்.

கருவுற்றவர்கள்: உணவின் அளவில் இஞ்சி பொதுவாகப் பாதுகாப்பானது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை வேண்டாம்.

குழந்தைகள்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரக் கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் அவர்களுக்குக் கடும் வாதத்தை உண்டாக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். சுக்கு உரசி ஊட்டுவதும் தேவையில்லை.

மாத்திரையும் பாலும்: தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் நீரோடு உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பாலோ காபியோ பருக வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் மஞ்சள் பாலோடு விழுங்க வேண்டாம். பால் இரும்பு உட்செல்வதைக் குறைக்கும். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் உண்போர் மிளகின் சாறு செறிந்த மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். பைப்பரின் அம்மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்துகிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர் எதைத் தொடங்குமுன்னும் கேளுங்கள்.

கஷாயத்தோடு காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இப்பானங்களால் நேரடியாக நேரும் கேட்டைவிட, இவற்றை நம்பிக் காலம் தாழ்த்துவதால் நேரும் கேடே பெரிது.

காய்ச்சல் மூன்று நாள்களைக் கடந்தால் இரத்தப் பரிசோதனை வேண்டும். டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை. காய்ச்சல் விட்டது, கஷாயம் வேலை செய்தது என்று மகிழும் அந்நேரத்தில் கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அமைதியின்மை, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் உடனே வர வேண்டும்.

இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாதக்கணக்கில் மஞ்சள் பால் பருகிக் காத்திருந்தால் நோய் முற்றும். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றும்.

வயிற்றுப்போக்கிற்குப் பானகம் மாற்று அன்று. உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் உள்ளது. பானகத்திலோ லிட்டருக்கு 100 கிராம் இனிப்பு. மிகுந்த இனிப்பு குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையே கரைத்துக் கொடுங்கள்.

நெஞ்சு வலியோடு வியர்வை கண்டால், இஞ்சி தட்டிப் போட்டு வாயுவா என்று சோதிக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உள்ளது.

உடனிருப்போர்க்கு ஒரு வேண்டுகோள்

நோயுற்றவருக்கு நம் கையால் ஏதேனும் செய்து கொடுக்க வேண்டும் என்ற தவிப்பை நாங்கள் அறிவோம். மாத்திரையும் ஊசியும் எங்கள் கையில் இருக்க, உங்களுக்கு எஞ்சியிருப்பது அந்த ஃபிளாஸ்க் ஒன்றே. அதை நாங்கள் குறைவாக மதிக்கவில்லை. வாய்க்கசப்போடு உணவை மறுக்கும் நோயாளி, வீட்டுச் சுக்குமல்லிக் காபியை இரண்டு மிடறு பருகியபின் ஒரு இட்லி உண்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். மருத்துவமனை நோட்டின் கடைசிப் பக்கத்தில், நோயாளி வீட்டில் பருகும் கஷாயம், சூரணம், மாத்திரை அனைத்தையும் அளவோடு எழுதுங்கள். சித்த மருத்துவர் தந்தவற்றையும் எழுதுங்கள். 2020இல் வீடு வீடாக அறிமுகமான கபசுரக் குடிநீர் போன்றவை பல மூலிகைகள் சேர்ந்த மருந்துகள். அவற்றுக்கும் அளவும் காலமும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமும் அப்பக்கத்தைக் காட்டலாம்.

அதைப் பார்த்து நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். பெரும்பாலும், "தாராளமாகக் கொடுங்கள், இனிப்பை மட்டும் குறையுங்கள்" என்றே சொல்வோம். ஒரு சிலருக்கு மட்டும் "வேண்டாம்" என்போம். அந்தச் சிலருள் உங்கள் வீட்டாரும் ஒருவரா என்பது, நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.